பத்து சென்ட் மனையில் ஒரு பலகை வீடு

பிரிஸ்பேன் நகரத்தின் பழைய பகுதிகளான பாடிங்டன், ரெட் ஹில், வெஸ்ட் எண்ட், வூலுங்கப்பா ஆகியவற்றின் மேட்டுத் தெருக்களில் சின்னஞ்சிறு மரவீடுகள் வரிசையாக நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உழைத்துப் பிழைத்தவர்கள் குடியிருப்பதற்காக எழுந்தவை இவை. இவற்றைப் பற்றி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இன்று ஓங்கி ஒலிக்கும் கருத்து ஒன்று உண்டு. இந்த வீடுகளை வடிவமைத்த பெயர்பெற்ற கலைஞர் எவருமில்லை. இவற்றுக்குள் வரலாற்றுப் புகழ்பெற்ற யாரும் பிறக்கவில்லை. ஒன்றைப் போலவே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பாதிப் பலகைகள் எப்போதோ மாற்றப்பட்டுவிட்டன. நகரத்திலோ வீட்டுப் பஞ்சம். ஆகவே, நினைவுக்கு ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை இடித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்கிறது அந்தக் கருத்து. மனை வணிகர் மட்டும் இதைச் சொல்லவில்லை. வாடகை கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோன இளைஞர்களும் நகரத் திட்டமிடலில் அக்கறை கொண்ட நேர்மையான பலரும் சொல்கிறார்கள். அதனால் இதை எள்ளி ஒதுக்க முடியாது, பதில் சொல்லியாக வேண்டும். அவர்கள் அடுக்கும் காரணங்களில் பெரும்பாலானவை உண்மைதான். ஆனால் அந்த உண்மைகளிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவு தவறு. அரண்மனைக்கும் தேவாலயத்துக்கும் வைத்த அளவுகோலைத் தொழிலாளியின் வீட்டுக்கும் வைத்துவிட்டு, அது குட்டையாக இருக்கிறது என்கிறார்கள். நாட்குறிப்போ உருவப்படமோ எழுதிவைத்த வரலாறோ இல்லாமல் மறைந்துபோன ஒரு வர்க்கம் எப்படி வாழ்ந்தது என்பதற்கு நேரடிச் சான்றாக நிற்பது இந்த வீடு. அதன் எளிமையும் எண்ணிக்கையும் அந்தச் சான்றின் உள்ளடக்கம். குறை என்று எண்ணப்படுபவைதான் அதன் பொருள்.

முதலில் வீட்டைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முன்னால் வெராந்தா. நடுவில் குறுகிய நடை, அதன் இருமருங்கிலும் அறைகள், பின்னால் சாய்ப்பு இறக்கிய சமையலறை, மேலே நெளிதகரக் கூரை. முழு வீடும் மண்ணைத் தொடாமல் மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது. ஒவ்வொரு கட்டையின் தலையிலும் விளிம்பு வெளியே நீண்ட ஒரு தகரத் தொப்பி. கரையானை இந்தத் தொப்பி கொல்லாது. கட்டைக்குள் மறைவாக ஏறிவரும் வழியைத்தான் அடைக்கிறது. அதற்குமேல் ஏற வேண்டுமானால் கரையான் விளிம்பைச் சுற்றி வெளிப்பக்கமாக மண்குழாய் கட்டியாக வேண்டும். கட்டினால் வீட்டுக்காரர் கண்ணில் பட்டுவிடும். தகரத்தை மடித்துச் செய்த இந்தச் சிறு உபாயத்தில் ஊரின் வெக்கை, ஈரம், பூச்சி எல்லாவற்றையும் அறிந்த அறிவு இருக்கிறது. கட்டைகளின் உயரமும் அப்படித்தான். சரிவான நிலத்தைச் சமப்படுத்தச் செலவழிக்காமல் கீழ்ப்பக்கக் கட்டைகளை நீளமாக்கிவிட்டார்கள். கிடைத்த அடிநிழலில் துணி துவைத்தார்கள், விறகு அடுக்கினார்கள்.

இனி அந்த வீடு நிற்கும் மனை. சிட்னியிலும் மெல்போர்னிலும் அதே காலத்துத் தொழிலாளர்கள் சுவரோடு சுவர் ஒட்டிய தொடர்வீடுகளில் வசித்தார்கள். பிரிஸ்பேனில் மட்டும் ஏன் தனித்தனிக் குடில்கள்? வெப்பம், மரம் மலிவு என்று பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் பாதி விடைதான். மீதி விடை 1885இல் சாமுவேல் கிரிஃபித்தின் ஆட்சியில் வந்த சட்டத்தில் இருக்கிறது. நிலத்தை அளவுக்கு மீறித் துண்டாடுவதைத் தடுக்க வந்த அந்தச் சட்டம், புதிதாகப் பிரிக்கப்படும் மனை 16 பேர்ச்சுக்குக் குறையக்கூடாது என்றது. இலங்கை வாசகர்களுக்கு இந்த அளவு இன்றும் பழக்கமானது. தமிழ்நாட்டுக் கணக்கில் சரியாகப் பத்து சென்ட். ஏறத்தாழ 405 சதுர மீட்டர். நெருக்கடியான சேரிகள் உருவாகிவிடும் என்ற அச்சமே அந்தச் சட்டத்துக்குத் தூண்டுதல். 1880களில் நகரத்தின் மக்கள்தொகை இரு மடங்குக்கும் மேல் பெருகியது. அந்தப் பெருக்கத்தில் கணிசமான பகுதி இந்தப் பத்து சென்ட் கட்டங்களுக்குள் வந்து அமர்ந்தது. தெருவோரம் நின்று வரிசையைப் பார்த்தால் வீட்டுக்கு வீடு இடைவெளி ஒரே சீராக இருப்பது தெரியும். அந்த இடைவெளிதான் சட்டம். ஏட்டில் அதைப் படித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குக் காற்றாகவும் கொல்லையாகவும் கோழிக்கூடாகவும் அது எப்படி மாறியது என்பதை அந்த வரிசைதான் காட்டும்.

சுவரும் பேசும். பிற இடங்களின் மரவீடுகளில் மரச்சட்டங்களுக்கு வெளியே ஒரு பலகை அடுக்கும் உள்ளே இன்னொரு அடுக்கும் இருக்கும்; எலும்பு வெளியே தெரியாது. குயின்ஸ்லாந்தில் வெராந்தாவின் நிழலும் மறைப்பும் உள்ள முன்சுவருக்கு ஓர் அடுக்கே போதும் என்று கண்டுகொண்டார்கள். பலகை உள்பக்கம், தாங்கும் சட்டங்களும் குறுக்குச் சாய்வுச் சட்டங்களும் வெளிப்பக்கம். 1860களிலும் 70களிலும் ரிச்சர்ட் சூட்டர் என்னும் கட்டடக்கலைஞர் பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் கையாண்ட வெளிச்சட்ட முறை, தச்சர்கள் கையில் எளிய வீடுகளுக்கும் பரவியது. மரத்திலும் கூலியிலும் மிச்சம். மெல்லிய சுவர் பகலில் சூடேறினாலும் பொழுது சாய்ந்ததும் விரைவாக ஆறிவிடும். அறைகளைப் பிரிக்கும் சுவர்களும் ஒற்றைப் பலகைக் கனம்தான். ஒரு பலகையின் விளிம்பில் நாக்கு, அடுத்ததில் பள்ளம், இரண்டையும் செருகி நிறுத்தியிருப்பார்கள். கதவுக்கு மேலே காற்றோட்டத்துக்காக அறுத்த பூவேலைத் துளைகள். இப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் இருமினால் அடுத்த அறையில் கேட்கும். தாய் தகப்பன் பேச்சு பிள்ளைகள் காதில் விழும். தனிமை என்பது வசதியுள்ளவர்களின் செங்கல் சுவருக்குள்தான் இருந்தது என்பதை எந்த ஆவணமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

இந்த வீடுகளின் சாட்சியம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு வெராந்தாவின் கைப்பிடியைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1890களில் பிரிஸ்பேன் குழந்தைகள் மருத்துவமனைக்கு விசித்திரமான நோயோடு குழந்தைகள் வந்தார்கள். வயிற்றுவலி, மணிக்கட்டும் பாதமும் செயலிழந்து தொங்குதல், சிலருக்குப் பார்வைக் கோளாறு. அது ஈய நஞ்சு என்று ஜெஃபரிஸ் டர்னர் முதலிய மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். ஈயம் எங்கிருந்து வருகிறது என்பது புலப்படவில்லை. கண் மருத்துவரான லாக்ஹார்ட் கிப்சன் 1904இல் விடையை வெளியிட்டார். வீடுகளின் கைப்பிடிகளிலும் சுவர்ப் பலகைகளிலும் பூசிய வெள்ளை ஈயச் சாயம் குயின்ஸ்லாந்து வெயிலில் பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொள்கிறது. கட்டைவிரல் சூப்பும் குழந்தையும் நகம் கடிக்கும் குழந்தையும் அதை உட்கொள்கிறார்கள். வீட்டுச் சாயமே குழந்தைகளுக்கு நஞ்சூட்டுகிறது என்று உலகில் முதன்முதலாக நிறுவப்பட்டது இந்த நகரத்தில்தான். மருத்துவ உலகின் ஒரு பகுதி நம்ப மறுத்தது. குழந்தைகளுக்கு எட்டும் இடங்களில் ஈயச் சாயத்தைத் தடுக்கும் சட்டம் குயின்ஸ்லாந்தில் 1922இல் வந்தது. அமெரிக்கா வீட்டுச் சாயத்தில் ஈயத்தைத் தடைசெய்ய 1978 ஆயிற்று. வசதியான வீடுகளிலும் ஈயச் சாயம் இருந்தது உண்மைதான். ஆனால் நாலு அறை வீட்டில் பிள்ளைகள் நாள் முழுவதும் விளையாட வெராந்தாவை விட்டால் வேறு இடமில்லை. அந்தக் கைப்பிடியின் உயரத்தையும், வெயில் எந்தப் பக்கம் விழும் என்பதையும், குழந்தையின் கை எதைப் பற்றி நின்றிருக்கும் என்பதையும் பார்க்கும்போது, உலகப் பொதுச் சுகாதார வரலாற்றின் ஒரு திருப்புமுனை இந்தச் சிறிய வெராந்தாவில் நிகழ்ந்தது எப்படி என்பது புரியும். கட்டடக்கலைச் சிறப்பு இல்லை என்று ஒரே வரியில் எழுதித் தள்ளும் மதிப்பீட்டுக்கு இது புலப்படுவதில்லை.

இதே குயின்ஸ்லாந்தில்தான் 1899 டிசம்பரில் உலகின் முதல் தொழிற்கட்சி அரசு அமைந்தது. ஒரு வாரமே நீடித்தது என்றாலும் உழைப்பவர் குரல் அரசியலில் எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்கு அது அடையாளம். பத்து ஆண்டுகள் கழித்து, வில்லியம் கிட்ஸ்டனின் ஆட்சியில், 1909இல் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் வந்தது. சொந்தமாக மனை இருந்தும் வீடு கட்டக் கையில் காசில்லாத குறைந்த வருமானக்காரருக்கு அரசே கடன் கொடுத்தது, தவணையில் திருப்பிக் கட்டலாம் என்றது, வரைபடத்தையும் வேலையின் தரத்தையும் கண்காணித்தது. அத்திட்டத்தில் எழுந்த முதல் வீடு 1910இல் நண்டா பகுதியில் கட்டப்பட்ட ஓர் எளிய மரவீடு. மனைகூட இல்லாதவர்களுக்காக 1919இல் இன்னொரு சட்டம் வந்தது. 1920இல் அரசுக் கடன் கழகம் இந்த வேலையை ஏற்று மாநிலம் முழுக்கக் கொண்டுசென்றது. வாடகைக்காரராகவே பிறந்து வாடகைக்காரராகவே செத்துக்கொண்டிருந்த ஒரு வர்க்கம் வீட்டுச் சொந்தக்காரராக மாறிய கதை இது. அந்தக் கதையின் மூலச் சான்று சட்டப் புத்தகத்தில் இல்லை. பைன் பலகையாலும் தகரத்தாலும் ஆன இந்த வீடுகளில் இருக்கிறது. இவை சிறியவையாக இருப்பதற்குக் காரணம் கடன் வரம்பு. ஒன்றைப்போல் ஒன்று இருப்பதற்குக் காரணம் பலருக்கும் பொதுவான வரைபடம். எளிமை என்று ஒதுக்குவது அந்தக் கொள்கையின் கையெழுத்தை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். புகழ்பெற்றவர் எவரும் வாழவில்லை என்பது முதல் வாதம். குயின்ஸ்லாந்து மக்களின் மரபுணர்வைத் தட்டியெழுப்பியவை பெரிய கட்டடங்களின் இழப்புகள்தான்; 1979 ஏப்ரலில் இரவோடிரவாக இடிக்கப்பட்ட பெல்வ்யூ ஹோட்டலும், 1982 நவம்பரில் விடியுமுன் தரைமட்டமான கிளவுட்லேண்ட் நடன அரங்கும். அந்தக் கோபத்திலிருந்து கடைசியில் 1992இன் மரபுச் சட்டம் பிறந்தது. ஆனால் அந்தச் சட்டமே மரபுரிமைக்கு எட்டு அளவுகோல்களைச் சொல்கிறது; குறிப்பிட்ட மனிதரோடு உள்ள தொடர்பு அந்த எட்டில் ஒன்றே ஒன்று. மாநில வரலாற்றின் போக்கைக் காட்டுவது ஓர் அளவுகோல். ஒரு வகைக் கட்டடத்தின் முதன்மையான இயல்புகளைக் காட்டுவது இன்னோர் அளவுகோல். தொழிலாளர் வீடு இவ்விரண்டிலும் கேள்விக்கிடமின்றித் தேறும். உலக அளவிலும் இது புதிதல்ல. 1964இன் வெனிஸ் சாசனம், பெருங்கலைப் படைப்புகளோடு காலப்போக்கில் பண்பாட்டு முக்கியத்துவம் பெற்ற எளிய கட்டடங்களையும் தன் முதல் பிரிவிலேயே சேர்த்துக்கொண்டது. ஆஸ்திரேலியா தனக்கென 1979இல் வகுத்துக்கொண்ட மரபுப் பாதுகாப்புச் சாசனத்தின் பெயர் பர்ரா சாசனம். பர்ரா என்பது தெற்கு ஆஸ்திரேலியாவின் செம்புச் சுரங்க ஊர்; அங்கே தொழிலாளர்கள் ஓடைக்கரையைக் குடைந்து அதற்குள் குடும்பத்தோடு குடியிருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரின் பெயரைத் தாங்கிய சாசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு உழைப்பாளியின் வீட்டுக்கு மரபு மதிப்பில்லை என்று வாதிடுவது எனக்கு விளங்கவில்லை.

மாதிரிக்கு ஒன்று போதும் என்பது அடுத்த வாதம். நண்டாவின் அந்த முதல் வீடு மாநில மரபுப் பட்டியலில் ஏறிவிட்டதே, பிறகென்ன என்கிறார்கள். முதல் வீடு திட்டம் தொடங்கியதைக் காட்டும். அது வெற்றி பெற்றதை நூறாவது வீடும் ஆயிரமாவது வீடும்தான் காட்டும். பத்து சென்ட் சட்டத்தை ஒற்றை வீடு காட்டவே முடியாது, வரிசை வேண்டும். ஒரே வரைபடத்தைப் பத்துக் குடும்பங்கள் எப்படிப் பத்து விதமாக வாழ்ந்து மாற்றிக்கொண்டன என்பதை அறிய அந்தப் பத்தும் வேண்டும். தேர்ந்தெடுத்துப் பாதுகாக்கும் மாதிரியில் இன்னொரு கோணலும் உண்டு. எப்போதும் அழகானதும் கெடாமல் இருப்பதும்தான் தேர்வாகும். கடன் கட்ட முடியாமல் தவித்த வீடும் மூன்று குடும்பங்கள் நெருக்கியடித்த வீடும் தேர்வாகாது. அப்புறம் வருங்காலத்தவர் தொழிலாளி வாழ்க்கை பூவேலை அறுப்போடு இனிமையாகக் கழிந்தது என்று நம்புவார்கள். எழுத்தில் பதிவானால் போதாதா என்றும் கேட்பதுண்டு. எழுத்தாளர் டேவிட் மலூஃப் தான் வளர்ந்த தெற்கு பிரிஸ்பேன் மரவீட்டை அறை அறையாக நினைவுகூர்ந்து 1985இல் வெளியிட்ட நூலுக்கு, அந்த வீட்டின் முகவரியான ‘12 எட்மண்ட்ஸ்டன் தெரு’ என்பதையே தலைப்பாக வைத்தார். வீடு போய்விட்டது, நூல் இருக்கிறது. ஆனால் எழுத்தாளரைப் பெற்றெடுக்கும் பேறு எல்லா வீட்டுக்கும் வாய்ப்பதில்லை. எழுத ஒருவரும் இல்லாத வீடுகளுக்குப் பலகையும் ஆணியும்தான் எழுத்து.

பலகையெல்லாம் மாறிவிட்டது, கட்டைகளுக்குப் பதில் கான்கிரீட் தூண், வெராந்தாவை அடைத்துவிட்டார்கள், இனி அசல் எது என்ற கேள்வி மரபுப் பாதுகாப்பு அலுவலர்களையே தடுமாற வைக்கிறது. மர வீடு கல்வெட்டு அல்ல. கெட்ட பலகையை எடுத்துவிட்டு நல்ல பலகை போடுவது அதன் இயல்பான வாழ்முறை. ஜப்பானின் இஸே கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதுமரத்தால் எழுப்புகிறார்கள்; 1994இன் நாரா ஆவணம், அசல்தன்மையை ஒவ்வொரு பண்பாடும் தன் அளவில் அளக்கும் என்று ஏற்றுக்கொண்டது. பிரிஸ்பேன் வீடுகளைப் பொறுத்தவரை இதைவிட அருகிலேயே விடை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜூலையில், அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர் தன் தலைமையகத்தைப் பிரிஸ்பேனுக்குக் கொண்டுவந்தார். அமெரிக்கப் படையினரால் நகரம் நிரம்பியது. வீடு கட்ட ஆளுமில்லை, பொருளுமில்லை. போர்க்காலத்திலும் அதற்குப் பிந்தைய பற்றாக்குறை ஆண்டுகளிலும் வெராந்தாக்களை அடைத்துப் படுக்கையறை ஆக்கினார்கள், ஒரு வீட்டை இரண்டு மூன்று குடித்தனங்களாகப் பிரித்தார்கள். அந்த அடைப்பு அசலைக் கெடுத்த கறையா, அல்லது வீட்டின் வரலாற்றில் இன்னொரு பக்கமா? கல்நார் சிமெண்ட் தகடு இருந்தால் அது உடலுக்குக் கேடு, முறைப்படி அகற்றத்தான் வேண்டும். ஈயச் சாயமும் அப்படித்தான். ஆனால் படம்பிடித்து அளந்து குறித்துவைத்த பின் அகற்றுவதும், இது பின்னாளில் சேர்த்தது என்று பொருட்படுத்தாமல் பிய்த்தெறிவதும் ஒன்றல்ல. மாற்றங்களின் அடுக்கு தெளிவாகப் படிக்கக் கிடைக்கும்வரை வீட்டின் சாட்சியம் குறைவதில்லை.

எல்லாவற்றிலும் கனமான வாதம் வீட்டுப் பஞ்சம். இதை நான் லேசாகக் கடந்துபோக மாட்டேன். தலைக்குமேல் கூரையில்லாத ஒருவரிடம் பழைய கூரையின் வரலாற்றைப் பேசுவது கொடுமைதான். 2032 ஒலிம்பிக்கை நோக்கி நகரம் ஓடிக்கொண்டிருக்கிறது, வாடகை கழுத்தை நெரிக்கிறது. ஆனால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று பார்க்க வேண்டும். பத்து சென்ட் மனைகளும், 1885க்கு முன் பிரித்த அதைவிடச் சிறிய மனைகளும் நிறைந்த பழைய பகுதிகள்தாம் தனிவீட்டு நகரமான பிரிஸ்பேனில் ஏற்கெனவே நெருக்கமானவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காருக்காக விரிந்த புறநகர்களில் மனைகள் இவற்றைவிடப் பெரியவை, வீட்டைச் சுற்றிப் புல்தரை அதிகம், சான்று மதிப்புள்ள கட்டடங்கள் குறைவு. அடுக்குமாடிக்கும் தொடர்வீட்டுக்கும் இடம் தேடுபவர்கள் அங்கிருந்து தொடங்காமல், இருப்பதிலேயே நெருக்கமான தெருவிலிருந்து தொடங்கச் சொல்வது ஏன்? தனிவீட்டுக்கு மட்டும் ஒதுக்கிய தெருவில் ஒரு குடிலை இடித்தால் அந்த மனையில் எழக்கூடியது இன்னொரு தனிவீடுதான். நாலு அறை போய்ப் பத்து அறை வரும், குடும்பம் ஒன்றுதான் இருக்கும். வீட்டுப் பஞ்சத்தைக் காரணம் காட்டி நடக்கும் இடிப்பில் வீட்டு எண்ணிக்கை கூடாத இடிப்பை ஒருவர் கணக்கிலிருந்து கழித்துவிட்டுப் பேசட்டும். மெய்யாகவே ஐம்பது குடும்பங்களுக்கு வீடு தரும் பொதுக் குடியிருப்புக்காக ரயில் நிலையத்தருகே ஒரு வரிசை போகவேண்டும் என்ற நிலை வந்தால், அதை எதிர்த்து நான் நிற்க மாட்டேன். அந்த முடிவை மதிப்பைத் தெரிந்துகொண்டு எடுக்கட்டும். மதிப்பே இல்லை என்ற பொய்யின் மேல் எடுக்க வேண்டாம்.

இந்த வீடுகள் வாழத் தகாதவை என்பதும் இதே வாதத்தின் ஒரு கிளை. குளிர்காலத்தில் விரிசல் வழியே காற்று வரும், கோடையில் தகரம் கொதிக்கும். உண்மைதான், விரிசலை அடைத்துக் கூரைக்கடியில் காப்புப் போட்டால் தீரக்கூடியவை. வெள்ளம் வந்தாலோ இவையே தாக்குப்பிடிப்பவை. 1893, 1974, 2011, 2022 ஆகிய ஆண்டுகளில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளம் நகரத்துக்குள் வந்தது. ஒற்றைப் பலகைச் சுவரில் வெள்ளம் ஏறினால் வடிந்தபின் சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, கதவு ஜன்னலைத் திறந்துபோட்டு உலர்த்தலாம். ஜிப்சம் அட்டைச் சுவர் ஊறினால் பிய்த்து எறிவதுதான் வழி. 2022 வெள்ளத்துக்குப் பின் மாநிலம் அமைத்த நிவாரண நிதி, வீட்டை உயர்த்துவதற்கும் ஊறினாலும் கெடாத பொருள்களால் சீரமைப்பதற்கும் பணம் கொடுத்தது. பழைய தச்சர்கள் கட்டைமேல் நிறுத்திக் காட்டிய முறையைத்தான் பொறியாளர்கள் திரும்பவும் பரிந்துரைக்கிறார்கள்.

இன்னொரு மறுப்பு அறத்தின் பக்கத்திலிருந்து வருகிறது, அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். இவை குடியேறிகளின் வீடுகள். டர்பல், ஜகரா பழங்குடி மக்களின் நிலத்தைப் பறித்துப் பத்துப் பத்து சென்ட்டாக விற்றார்கள். இதையா கொண்டாடுவது என்பது அந்த மறுப்பு. வெஸ்ட் எண்டிலும் ஸ்பிரிங் ஹில்லிலும் இன்றும் ‘எல்லைத் தெரு’ என்ற பெயரில் தெருக்கள் இருக்கின்றன. மாலையானதும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பழங்குடி மக்களை அந்த எல்லைக்கு வெளியே துரத்திய காலத்தின் எச்சம் அந்தப் பெயர். இந்த வீடுகளைப் பற்றிப் பேசும்போது இதை மறைப்பவர்கள் பாதி வரலாறுதான் பேசுகிறார்கள். ஆனால் மரபு என்றாலே மாலை போடுவது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. சான்று என்பது பெருமைக்கும் குற்றத்துக்கும் பொதுவானது. நிலம் எப்படிக் கட்டம் கட்டமாக அளந்து பிரிக்கப்பட்டது, யாருக்குக் கிடைத்தது, அந்த எல்லைக்கு உள்ளே யார் கதவைத் தாழிட்டு உறங்கினார்கள் என்பதை மறுக்க முடியாதபடி காட்டுவது அந்த வீட்டு வரிசை. சிவப்பு சீடார் மரங்களை வெட்டித் தீர்த்து, பைன் காடுகளைப் பலகையாக்கிய கதையும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. அதை இடித்தால் குற்றம் அழியாது, குற்றத்தின் தடயம்தான் அழியும்.

பாதுகாப்புத் தரப்பிலும் ஒரு பெரிய பிழை இருக்கிறது. இந்த வீடுகள் தோற்றுக்கொண்டிருப்பதற்கு அதுவும் காரணம். பிரிஸ்பேன் மாநகராட்சியின் விதிகள் 1946க்குள் கட்டிய வீடுகளை இடிப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. அந்த ஆண்டில் எடுத்த வான்வழிப் படங்கள் எது பழையது என்று தீர்மானிக்க உதவுகின்றன. 1911க்கு முந்தைய வீடுகளுக்குத் தனி விதியும் உண்டு. இவை இல்லாவிட்டால் பல தெருக்கள் என்றோ போயிருக்கும், அந்த நன்றியை மறக்கக்கூடாது. ஆனால் பெரும்பாலான தெருக்களில் இந்த விதிகள் காப்பது தெருத் தோற்றத்தை. உள்ளே என்ன ஆனாலும் முகப்பு பழைய மாதிரி தெரிந்தால் போதும். விளைவைத் தெருவில் பார்க்கலாம். குடிலைத் தூக்கி உயரத்தில் நிறுத்தி, கீழே கார் நிறுத்தமும் பின்னால் மூன்று மடங்கு பெரிய கான்கிரீட் மாளிகையும் எழுப்பி, உள்ளே ஒற்றைப் பலகைச் சுவர்கள் அனைத்தையும் அகற்றிவிடுகிறார்கள். எஞ்சுவது வெராந்தாவும் பூவேலையும் விலைச்சீட்டும். இந்த வீடுகள் பணக்காரர்களின் அலங்காரமாகிவிட்டன என்ற குற்றச்சாட்டு இங்கேதான் உரம் பெறுகிறது. பாதுகாப்பு ஆர்வலர்கள் அழகு, அழகு என்று மட்டும் பேசியதால் வந்த வினை அது. அழகுதான் காரணம் என்றால், அதைவிட அழகாக ஒன்றைக் கட்டித் தருகிறேன் என்று எவரும் வந்துவிடலாம், வருகிறார்கள்.

அழகிலிருந்து சான்றுக்கு வாதத்தை மாற்றினால் செய்ய வேண்டியவையும் மாறும். இடிக்கவோ மாற்றவோ அனுமதி கேட்கும் மனுவைப் பரிசீலிக்கும்போது முகப்புப் படத்தோடு அறைகளின் அமைப்பும் உள்சுவர்களும் கட்டைகளும் பார்க்கப்பட வேண்டும். மாற்றமில்லாத உள்ளமைப்பு தப்பியிருக்கும் எளிய வீடுகளை, அவை பொலிவிழந்திருந்தாலும், பெரிய வீடுகளுக்கு முன்னால் பட்டியலில் சேர்க்க வேண்டும். தனி வீடாக எடைபோடாமல் வரிசையாகவும் மனைப் பிரிவாகவும் எடைபோட வேண்டும். பின்கொல்லையில் இன்னொரு சிறு குடித்தனம் கட்ட உரிமையாளருக்குத் தாராளமாக அனுமதி கொடுக்கலாம். அந்தக் கொல்லை எப்போதும் உழைப்புக்கும் வருமானத்துக்குமான இடமாகவே இருந்திருக்கிறது. தங்கச் சுரங்கம் வற்றிய சார்ட்டர்ஸ் டவர்ஸ் ஊரிலிருந்து மரவீடுகளைப் பெயர்த்து டவுன்ஸ்வில்லுக்குக் கொண்டுபோன வரலாறு குயின்ஸ்லாந்துக்கு உண்டு. அதைச் சாக்காக வைத்து, இடிக்காமல் லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறோமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அன்று வேலை போன இடத்தை விட்டு வேலை இருந்த இடத்துக்கு வீடு தன் குடும்பத்தோடு போயிற்று. இன்று வேலையும் பள்ளியும் பஸ்ஸும் இருக்கும் இடத்திலிருந்து வீட்டை மட்டும் ஊருக்கு வெளியே அனுப்புகிறார்கள். வேறு வழியே இல்லாதபோது அது இடிப்பைவிட மேல் என்று ஒப்புக்கொள்ளலாம், பாதுகாப்பு என்று பெயர் சூட்ட வேண்டாம். மனையை விட்டு நகர்ந்த மறுகணம் 1885இன் சட்டம் அந்த வீட்டிலிருந்து கழன்றுவிடுகிறது.